நிலம் நடுங்கும்போது நாம் நடுங்காதிருக்க

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுகிறவர்கள் இலக்கியம் பேசுவது வழக்கம். நானோ நாற்பது ஆண்டுக் காலம் செங்கல்லோடும் சிமெண்டோடும் காலம் தள்ளியவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆதலின், எனக்குத் தெரிந்த வீட்டைப் பற்றியும், அந்த வீட்டைத் தாங்கும் நிலத்தைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறேன். மகிழ்ச்சியான நாளில் இப்படியொரு பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எல்லாரும் ஒருங்கே கூடியிருக்கும் நாள் இது ஒன்றுதான். எல்லாருக்கும் பொதுவானதைச் சொல்ல இதைவிட ஏற்ற நாள் எனக்குக் கிடைக்காது.

2021ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நவம்பரில் பெய்த மழையில் திருப்பதியும் நம் சித்தூர் மாவட்டமும் வெள்ளக்காடாயின. ஏரிகள் நிரம்பின, வற்றிக்கிடந்த கிணறுகளில் நீர் ஊறியது. அதன்பின் நவம்பர் 29ஆம் நாள் விடியற்காலையில், வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் 3.6 அளவுள்ள நிலநடுக்கம் ஒன்று பதிவாயிற்று. டிசம்பர் 23ஆம் நாள் பிற்பகல், வேலூருக்கு மேற்கு-வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் 3.5 அளவுள்ள மற்றொன்று பதிவாயிற்று. அந்த இடம் நமக்கு அடுத்துள்ள பலமனேர்ப் பக்கமே ஆகும்.

அன்று பிற்பகல் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லுகிறேன். அடுக்களை அலமாரியில் பித்தளைப் பாத்திரங்கள் கலகலவென்று ஒலித்தன. பூமிக்கடியில் வண்டி ஓடுவதுபோல ஓர் உறுமல் கேட்டது. அவ்வளவுதான், ஒரு சில நொடிகள். அதற்குள் தெரு முழுவதும் வெளியே வந்துவிட்டது. நானும் ஓடிவந்தேன். எல்லாரும் ஒரே குரலில் பேசினோம். கால் மணி நேரம் கழிந்த பிறகு, எதிர்வீட்டின் உள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது: "ஏம்பா, எல்லாரும் எங்கே ஓடிட்டீங்க?" நடக்க இயலாமல் கட்டிலோடு கிடக்கும் ஆயாவின் குரல் அது. கட்டிலுக்கு நேர்மேலே பரண். பரண் நிறையப் பித்தளைத் தவலையும் அண்டாவும். ஒருவருக்கும் அவர் நினைவு வரவில்லை. அவருடைய மகனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அன்று எதுவும் விழவில்லை, எவருக்கும் தீங்கில்லை. ஆயினும் அந்தக் குரல் இன்றுவரை என்னை விடவில்லை. நான் இன்று இங்கே நிற்பதற்கு அதுவே காரணம்.

"நம்முடையது பழம்பெரும் பாறை பூமி, இங்கே பூகம்பம் ஏது?" என்று பலர் கேட்கிறார்கள். பாறை பழையது என்பது உண்மை. நம் குன்றுகளில் வெட்டியெடுக்கப்படும் கருங்கல்லின் வயது 250 கோடி ஆண்டுக்கும் மேல். நம் வட்டாரம் இமயமலை அடிவாரத்தைப் போலவோ, அஸ்ஸாமைப் போலவோ, கட்ச் பகுதியைப் போலவோ பேரபாயம் உள்ள மண்டலம் அன்று என்பதும் உண்மையே. அதற்காக இங்கே ஒருநாளும் நிலம் நடுங்காது என்று பொருளல்ல. பாரதத்தைச் சுமக்கும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வீதம் வடகிழக்காக நகர்ந்து ஆசியாவின் மீது மோதிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கம் தட்டின் உட்பகுதியிலும் பரவுகிறது. பழம்பாறையில் பழைய பிளவுகள் உண்டு. நெருக்கம் மிகும்போது அப்பிளவுகள் சற்றே வழுக்குகின்றன. பெருமழைக்குப் பின் நீர் பிளவுகளில் இறங்கி அழுத்தினால் சிறு நடுக்கங்கள் தோன்றலாம் என்பதும் அறிஞர்கள் கண்டறிந்ததே.

மலைக்கு மேற்கே இருக்கும் கோலார் தங்கவயலை நம்மில் பல குடும்பங்கள் அறியும். நம் பாட்டன்மார் பலர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் அங்கே சென்று சுரங்கத்தில் இறங்கியவர்கள். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தோண்டியபோது பாறை தன் நெருக்கம் தாளாமல் வெடிக்கும். மேலே குடியிருப்புகளில் வீடுகள் அதிரும். பெண்கள் கணவன்மாரை நினைத்துச் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. "பாறை பூமி அசையாது" என்று சொல்ல நினைக்கிறவர், தங்கவயலில் வாழ்ந்த ஒரு பாட்டியிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

தென்னாட்டின் வரலாறும் இதையே கூறுகிறது. 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. 1967 மார்ச் மாதம் இதே ஆந்திராவில் ஓங்கோல் நடுங்கியது. 1969 ஏப்ரலில் பத்ராசலம் நடுங்கியது. 2001 செப்டம்பர் 25ஆம் நாள் இரவு, புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் எழுந்த அதிர்ச்சி சென்னை மக்களைத் தெருவுக்குத் துரத்தியது. 2002ஆம் ஆண்டு வெளியான வரைபடத்தில் சென்னை நகரம் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

எல்லாவற்றிலும் நாம் கருத்தூன்றிக் கற்க வேண்டிய பாடம் கில்லாரி. மராட்டிய மாநிலத்தின் லாத்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர் அது. நம்மைப் போலவே தக்காணத்தின் பழம்பாறை மேல் வாழ்ந்த மக்கள். அன்றைய வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்த முதலாம் மண்டலம். 1992ஆம் ஆண்டிலேயே அங்கே சிறு நடுக்கங்கள் பல ஏற்பட்டன. நாளடைவில் மக்களுக்கு அது பழகிவிட்டது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியுமுன், ஏறக்குறைய நான்கு மணிக்கு, 6.2 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. பிள்ளையார் விழா முடிந்து அயர்ந்து உறங்கியவர்கள் பலர் எழவேயில்லை. எண்ணாயிரம் முதல் பதினாயிரம் பேர்வரை மாண்டனர் என்று கணக்கிடுகிறார்கள். 6.2 என்பது உலகில் ஆண்டுதோறும் பல இடங்களில் நிகழும் அளவுதான். அப்படியிருக்க, அங்கே இத்தனை பேர் மாண்டது ஏன்?

வீடுகள்தாம் கொன்றன. ஒழுங்கற்ற கற்களை மண்சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள். உட்பக்கம் ஓர் அடுக்கு, வெளிப்பக்கம் ஓர் அடுக்கு, இடையில் கற்சில்லி; இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கற்கள் இல்லை. மேலே மரச்சட்டங்களின் மீது கனத்த மண்கூரை. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஆண்டுதோறும் மண் ஏற்றியிருந்தார்கள். நிலம் பக்கவாட்டில் அசைந்தபோது சுவரின் இரண்டு அடுக்கும் பிரிந்து சரிந்தன. கூரை உறங்கியவர் மேல் இறங்கியது.

அன்பர்களே, இனி நம் காலனியை ஒருமுறை மனக்கண்ணால் சுற்றிவாருங்கள். பழைய வீடுகளின் கூரை என்ன? கருங்கல் பலகை. சுவரின் மேல் பலகையை வைத்து, இடுக்குகளைப் பூசி, மேலே மண்ணும் சுண்ணாம்பும் போட்டிருக்கிறோம். பலகையைச் சுவரோடு பிணைப்பது அதன் பாரம் ஒன்றுதான். மேலிருந்து கீழே அழுத்தும் சுமையை அந்த வீடு நூறு ஆண்டு தாங்கும். பக்கவாட்டில் ஆட்டினால் என்ன ஆகும்? கில்லாரியின் கதையை மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் என் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். மகன் திருமணத்தின்போது மாடியில் ஓர் அறை எழுப்பினேன். கீழே இருந்தது பழைய சுவர். கதவு, சன்னல் தலைப்பில் வீட்டைச் சுற்றித் தொடர்ச்சியாகக் கம்பி போட்டுக் கான்கிரீட் பட்டை ஓட்டவேண்டும் என்று பிறருக்குச் சொல்லிவந்தவன் நான். கையில் பணம் குறைந்தபோது, சன்னலுக்கு மட்டும் துண்டு துண்டாகப் போட்டு முடித்துவிட்டேன். மேலே ஆயிரம் லிட்டர்த் தண்ணீர்த் தொட்டியையும் வைத்தேன். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் பாரம். பட்டையை விட்டதால் மிஞ்சிய தொகை, பந்தலுக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்கு. தொழில் அறிந்தவனே இப்படிச் செய்தால், அறியாதவரை என்னென்பது?

அந்தப் பட்டையின் பயன் என்ன என்று கேட்பீர்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். மரத்துண்டுகள் பலவற்றைச் சேர்த்து வட்டமாக்கி, வெளியே இரும்புப் பட்டையைக் காய்ச்சி இறுக்குகிறார்கள். அந்தப் பட்டை இல்லையேல் முதல் பள்ளத்திலேயே சக்கரம் சிதறிவிடும். வீட்டின் நான்கு சுவர்களும் அந்த மரத்துண்டுகளைப் போன்றவை. அடித்தளத்தின் மேல் ஒன்று, கதவு சன்னல் தலைப்பில் ஒன்று, கூரையின் கீழ் ஒன்று என்று தொடர்ச்சியான பட்டைகள் இருந்தால், நான்கு சுவரும் ஒரே பெட்டியாக அசையும். இல்லையேல் ஒவ்வொரு சுவரும் தனித்தனியே ஆடி, மூலையில் பிளந்து, வெளிப்புறம் சாயும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். கல் சுவரானால், சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கற்களை இடையிடையே வைக்கச் சொல்லுங்கள். தூண்களில் சுற்றும் வளையக் கம்பியின் முனைகள் தூணின் உட்பக்கமாக நன்கு மடங்கியிருக்க வேண்டும். கீழே வண்டி நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் தூண்களின் மேல் மட்டும் மாடிகளை ஏற்றாதீர்கள். 2001ஆம் ஆண்டு கட்ச் நிலநடுக்கத்தின்போது, நடுக்கம் தோன்றிய இடத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆமதாபாத்தில் அத்தகைய அடுக்குமாடிகள் பல வீழ்ந்தன.

பழைய வீட்டில் வாழ்கிறவர்கள் அதை இடித்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மூலைகளிலும் சன்னல் தலைப்பிலும் சுவரின் இருபுறமும் கம்பி வலையை ஆணியடித்துப் பொருத்தி, சிமெண்டுச் சாந்து பூசிப் பட்டை போலாக்கலாம். இருபுறத்தையும் சுவரின் ஊடே கம்பியால் இணைக்கவேண்டும். கூரையின் மேல் தேவைக்கு மிஞ்சிய மண்ணைக் குறைக்கலாம். கற்பலகைகளைச் சுவரோடு பிணைக்க வழிகள் உண்டு. இவற்றைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்னபடி செய்யுங்கள். அரைகுறை அறிவோடு உளியை எடுக்காதீர்கள்.

பணமே செலவில்லாத காரியங்களும் உள்ளன. தாய்மார்கள் இவற்றை இன்றிரவே செய்யலாம். கட்டிலுக்கு மேலுள்ள பரணில் கனமான பொருள் இருத்தலாகாது. தவலையும் அண்டாவும் கீழே இறங்கட்டும். பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு கொக்கியிட்டு இறுக்குங்கள். தலைமாட்டில் கண்ணாடிப் படம் வேண்டாம். கதவுப் பாதையில் மூட்டை முடிச்சுகளைக் குவிக்காதீர்கள். எரிவாயு உருளையின் ரெகுலேட்டரையும் மின்சார மெயின் ஸ்விட்சையும் அணைக்க வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பையில் குடிநீர், அவல், வெல்லம், டார்ச் விளக்கு, சிறு வானொலி, அன்றாட மருந்துகள், குடும்ப அட்டை, ஆதார், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள், ஒரு ஜோடிச் செருப்பு ஆகியவற்றைக் கதவருகே வையுங்கள். பிழைப்புக்காக வந்து குடியேறிய நமக்கு இன்னொன்றும் வேண்டும். மீட்க வருகிறவர் தெலுங்கில் கேட்பார். நம் வீட்டு முதியோர் சிலருக்குத் தமிழன்றி வேறு தெரியாது. வீட்டில் எத்தனை பேர், யார் எந்த அறையில் உறங்குவார்கள், வெளியூரில் உள்ள உறவினரின் தொலைபேசி எண் என்ன என்பதைத் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதி அப்பையில் போடுங்கள். நகலொன்றை எதிர்வீட்டாரிடம் கொடுங்கள். "எங்கள் வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோம்" என்று இரு மொழியிலும் சொல்லக் குழந்தைகளுக்குக் கற்பியுங்கள்.

நிலம் நடுங்கும் அந்நொடியில் என்ன செய்வது? குழந்தைகளே, மூன்று சொற்களை என்னோடு சொல்லுங்கள்: தாழ், மறை, பற்று! உடனே தரையில் தாழ்ந்து மண்டியிடுங்கள். உறுதியான மேசை அல்லது பெஞ்சின் அடியில் தலையையும் கழுத்தையும் மறைத்துக்கொள்ளுங்கள். அதன் காலை இறுகப் பற்றுங்கள். அது நகர்ந்தால் நீங்களும் கூடவே நகருங்கள். மேசை இல்லையேல், சன்னலையும் அலமாரியையும் விட்டு விலகி, கைகளால் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் கட்டடத்தில் அதிர்ச்சி நிற்கும்வரை வெளியே ஓடவேண்டாம். படிக்கட்டிலும் மின்தூக்கியிலும் கால் வைக்கவேண்டாம். ஓடும்போது விழுந்தும் மிதிபட்டும் மேலிருந்து சிதறும் துண்டுகள் பட்டும் அடிபடுகிறவர் பலர். கற்பலகைக் கூரையோ மண்கூரையோ உள்ள வீட்டில், வாயிலுக்கு அருகே இருப்பவர் மட்டும் இரண்டெட்டில் வெட்டவெளிக்கு வந்துவிடலாம். வெளியே இருப்பவர் சுவர், மின்கம்பி, மரம் ஆகியவற்றை விட்டு விலகி நிற்கட்டும். எழ இயலாத நோயாளிகள் படுக்கையிலேயே தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளட்டும். அதனால்தான் அவர்களுடைய கட்டிலின் மேல் பரண் கூடாது என்கிறேன்.

நடுக்கம் நின்றதும் தீக்குச்சி கிழிக்காதீர்கள். எரிவாயுவையும் மின்சாரத்தையும் அணையுங்கள். செருப்பணிந்து, பையை எடுத்து, வெட்டவெளிக்கு வாருங்கள். பெரிய நடுக்கத்தைத் தொடர்ந்து சிறு நடுக்கங்கள் வரும். விரிசல் கண்ட வீட்டில் மீண்டும் நுழையாதீர்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108.

கடற்கரையில் உறவினர் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்தது. சென்னையிலும் அதிர்வை உணர்ந்தவர் உண்டு. கடல் நம் கரையில் ஏறியதோ அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் பிறகுதான். அந்த அவகாசத்தில் சொல்லுவார் இல்லை. அதே நாளில், சுமத்ராவுக்கு அருகே உள்ள சிமலூ என்னும் தீவில் பல்லாயிரம் மக்கள் குன்றேறித் தப்பினர். 1907ஆம் ஆண்டு வந்த பேரலையைப் பற்றிப் பாட்டிமார் பேரன்மாருக்குச் சொல்லிவந்த கதையே அவர்களைக் காத்தது. 2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் ஒன்று இயங்குகிறது. ஆயினும் கரையில் நிற்பவர், நீண்ட நடுக்கத்தை உணர்ந்தாலோ கடல் உள்வாங்குவதைக் கண்டாலோ, எவருடைய சொல்லுக்கும் காத்திராமல் மேட்டுக்கு விரையவேண்டும்.

வதந்தியைப் பற்றியும் ஒரு சொல். "இன்றிரவு இத்தனை மணிக்குப் பெரிய பூகம்பம் வரும்" என்று செல்பேசியில் செய்தி வந்தால் நம்பாதீர்கள். நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் வித்தை உலகில் இன்னும் எவருக்கும் கைவரவில்லை. சிறு நடுக்கம் வந்தால் பெரியது வந்தே தீரும் என்பதும் இல்லை; பெரும்பாலும் அவை தாமே ஓய்ந்துவிடும். கில்லாரியை ஊதிய 6.2 அளவு, நம்மை அசைத்த 3.5 அளவைவிட ஏறத்தாழ 11,000 மடங்கு ஆற்றல் உடையது. ஆகவே அஞ்சி வாடவும் வேண்டாம். பழகிவிட்டது என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

இறுதியாக, சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, தெருவாரியாக முதியோர், நோயாளிகள், கைக்குழந்தை உடையோர் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டார் இருவரைப் பொறுப்பாக்க வேண்டும். இடிபாட்டிலிருந்து முதலில் தூக்குகிற கை எப்போதும் அண்டை வீட்டாரின் கைதான். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் பொறியாளர் ஒருவரோடு வீடுவீடாகச் சென்று குறைகளைக் குறித்துத் தரவேண்டும். நானும் கூட வருகிறேன்.

மூன்றாவது, ஆண்டுதோறும் சனவரி 26ஆம் நாள் கொடியேற்றம் முடிந்ததும் இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும். 2001ஆம் ஆண்டு அதே நாளில், கட்ச் பகுதியின் அஞ்சார் நகரில் பள்ளிக் குழந்தைகள் கொடி பிடித்துக் குறுகிய தெருவொன்றில் அணிவகுத்துச் சென்றார்கள். காலை 8.46க்கு நிலம் நடுங்கியது. இருபுறத்து வீடுகளும் அவர்கள் மேல் சரிந்தன. 185 குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் மாண்டார்கள். அவர்கள் நினைவாக அங்கே 2022ஆம் ஆண்டு ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. நம் குழந்தைகளும் அதே நாளில், அதே கொடியோடு, நம் குறுகிய தெருக்களில்தான் செல்லுகிறார்கள். அவர்கள் அணிவகுப்பை இனி மைதானத்தில் வைத்துக்கொள்வோம். அங்கேயே "தாழ், மறை, பற்று" என்பதையும் சொல்லிக் கொடுப்போம்.

நான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். மாடியிலிருந்த தொட்டியைச் சென்ற மாதம் தரையில் இறக்கிவிட்டேன். சுவருக்குப் பட்டை போடும் வேலை வரும் தை மாதம் தொடங்குகிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். எதிர்வீட்டு ஆயாவின் கட்டில் இப்போது வாயிலறைக்கு வந்திருக்கிறது. பரண் காலியாக இருக்கிறது. அடுத்த முறை பாத்திரம் ஒலித்தால் அந்தக் கட்டிலைப் பார்க்க இருவர் பெயர் எழுதப்பட்டுள்ளது. அவர்களுள் ஒருவன் நான்.